துருவும் எண்ணும் பேசும்

எனக்கு 15 வயது இருக்கும்போது ஒரு தவறு செய்தேன். தீபாவளிக்காக வீட்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்தோம். பாட்டி ஊரிலிருந்து கொண்டுவந்த பித்தளைச் சொம்பு கறுத்துப் போயிருந்தது. புளி போட்டுத் தேய்த்தால் நேரம் ஆகும் என்று நினைத்து, அப்பாவின் துளையிடும் இயந்திரத்தில் கம்பித் தூரிகையை மாட்டித் தேய்த்தேன். பத்தே நிமிடத்தில் சொம்பு தங்கம்போல் மின்னியது. பெருமையோடு பாட்டியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் சொம்பின் கழுத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "பேரு எங்கப்பா?" என்று கேட்டார்.

பழைய பாத்திரங்களில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். அந்தச் சொம்பைக் கல்யாணச் சீராகக் கொடுத்த பாட்டியின் தாயார் பெயரும், கொடுத்த ஆண்டும் அதன் கழுத்தில் இருந்தன. அழுக்கோடு சேர்த்து அவற்றையும் நான் எடுத்துவிட்டேன்.

மாணவர்களே, இந்த வாரம் நாம் பேசப்போவது சொம்பைப் பற்றி அல்ல. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் செய்யப்பட்ட ரிவால்வர்களையும் கைத்துப்பாக்கிகளையும் சேகரிப்பவர்களைப் பற்றி. "துப்பாக்கியைப் போய் யாராவது சேகரிப்பார்களா?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல சேகரிப்பாளர் அதைச் சுட்டு மகிழ்வதில்லை. அவர் உலோகத்தைப் படிக்கிறார். நான் சொம்பில் செய்த தவறைத்தான் அவர்கள் புதிதாக வருபவர்களுக்கு முதல் பாடமாகச் சொல்கிறார்கள்: தேய்க்காதே, தேய்த்தால் சாட்சி போய்விடும்.

சாயத்துக்கு அடியில் ஓர் எண்

இந்தியாவில் நடந்த ஓர் உண்மைச் சம்பவத்தைப் பாருங்கள். 1928 டிசம்பர் 17ஆம் தேதி லாகூரில் சாண்டர்ஸ் என்ற பிரிட்டிஷ் காவல்துறை அதிகாரி சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் பகத் சிங், ராஜகுரு, சுகதேவ் ஆகிய மூவரும் 1931 மார்ச் 23ஆம் தேதி தூக்கிலிடப்பட்டனர். பகத் சிங்கின் கைத்துப்பாக்கி அமெரிக்காவின் கோல்ட் நிறுவனம் செய்த 0.32 அங்குலத் தானியங்கி வகை. வழக்கு ஆவணங்களில் அதன் தொடர் எண் பதிவாகியிருந்தது: 168896.

ஆனால், துப்பாக்கி எங்கே இருக்கிறது என்று நெடுங்காலம் பொதுமக்களுக்குத் தெரியவில்லை. அது 1969ஆம் ஆண்டில் பஞ்சாபின் ஃபில்லோர் காவல் பயிற்சி நிலையத்திலிருந்து, இந்தூரில் உள்ள எல்லைப் பாதுகாப்புப் படையின் ஆயுதப் பயிற்சிப் பள்ளிக்கு வேறு சில ஆயுதங்களோடு போயிருந்தது. அங்கிருந்த அரும்பொருளகத்தில் மற்றவற்றோடு ஒன்றாகக் கிடந்தது. அதன்மேல் கறுப்புச் சாயம் பூசப்பட்டிருந்தது. 2016ஆம் ஆண்டில் பழைய பதிவுகளைத் தேடிப் பார்த்து, சாயத்தை நீக்கியபோது எண் வெளிப்பட்டது. ஆவணத்தில் இருந்த அதே 168896!

பார்ப்பதற்கு அதேபோன்ற கோல்ட் துப்பாக்கிகள் உலகில் லட்சக்கணக்கில் உள்ளன. அவற்றில் இதுதான் பகத் சிங்குடையது என்று சொன்னது ஆறே இலக்கங்கள். உங்களுக்கு 15 வயதானதும் அடையாள அட்டை வாங்குகிறீர்கள் அல்லவா? அதுபோல இரும்பில் பதித்த அடையாள எண் அது. சாயம் பூசியவர் அதை மறைத்தார். நல்லவேளையாக அரம் போட்டுத் தேய்க்கவில்லை. தேய்த்திருந்தால் அந்தத் துப்பாக்கி இன்றும் பெயரில்லாத இரும்புத் துண்டாகவே இருந்திருக்கும்.

கல்கத்தா கப்பலில் ஒரு மரத்துண்டு

கைத்துப்பாக்கிக்கும் ரிவால்வருக்கும் என்ன வேறுபாடு? பகத் சிங்கின் தானியங்கித் துப்பாக்கியில் தோட்டாக்கள் கைப்பிடிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். ரிவால்வரில் அவை ஒரு சுழலும் உருளையில் தனித்தனி அறைகளில் இருக்கும். அதனால்தான் தமிழில் அதைச் சுழல் துப்பாக்கி என்கிறோம்.

அதை வெற்றிகரமான பொருளாக்கிய சாமுவேல் கோல்ட், உங்களைவிட ஓரிரு வயதே மூத்தவராக இருந்தபோது, 1830ஆம் ஆண்டில் 'கோர்வோ' என்ற பாய்மரக் கப்பலில் பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்கு மாலுமியாகப் பயணம் செய்தார். கப்பலின் சக்கரமோ, நங்கூரம் இழுக்கும் உருளையோ சுழன்று சுழன்று ஒரு நிலையில் பூட்டிக்கொள்வதைப் பார்த்து அவருக்கு இந்த யோசனை தோன்றியது என்பது பலரும் சொல்லும் கதை. கப்பலிலேயே மரத்தில் ஒரு மாதிரியையும் செதுக்கினாராம். சுழலும் துப்பாக்கி அவருக்கு முன்பே வேறு சிலரால் செய்யப்பட்டிருந்தது என்பதையும் மறக்க வேண்டாம். 1836 பிப்ரவரி 25ஆம் தேதி அமெரிக்காவில் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 21.

அதன் உள்ளே இருப்பது எளிய இயற்பியல்தான். உருளையின் பின்பக்கம் பற்கள் உள்ளன. விசையை இழுக்கும்போது ஒரு சிறு நெம்புகோல் எழும்பி, ஒரு பல்லைத் தள்ளி, உருளையைத் திருப்புகிறது. அடுத்த நொடியில் ஒரு கொக்கி உருளையின் பள்ளத்தில் விழுந்து அதை நிறுத்துகிறது. ஆறு அறைகள் இருந்தால் ஒவ்வொரு முறையும் 360ஐ 6ஆல் வகுத்த 60 பாகை திரும்ப வேண்டும். சிங்கப்பூர்க் காவல்துறை அதிகாரிகள் பல ஆண்டுகள் இடுப்பில் வைத்திருந்த பிரேசில் நாட்டு டாரஸ் ரிவால்வரில் ஐந்து அறைகள். அப்படியென்றால் எத்தனை பாகை? சரி, 72.

அறை குழலுக்கு நேராக வந்து நிற்காவிட்டால் ஆபத்து. எனவே பழைய ரிவால்வரைக் கையில் எடுக்கும் சேகரிப்பாளர், அது காலியாக இருக்கிறதா என்று உறுதிசெய்த பிறகு, உருளை சரியான இடத்தில் பூட்டுகிறதா என்று பார்க்கிறார். பற்கள் தேய்ந்திருந்தால் அது நிறைய உழைத்த துப்பாக்கி என்று தெரிந்துவிடும்.

எண் ஒன்று, இடம் பல

சிராங்கூன் சாலையில் நகை வாங்கப் போகும்போது உங்கள் அம்மா மோதிரத்தின் உட்பக்கம் 916 என்ற முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பார். 24 பங்கில் 22 பங்கு தங்கம், அதாவது ஆயிரத்தில் ஏறக்குறைய 916 பங்கு என்பது அதன் பொருள். முத்திரையைப் படிக்கத் தெரிந்தவர் ஏமாறமாட்டார். ரிவால்வர் சேகரிப்பாளரும் முத்திரைகளைத்தான் முதலில் தேடுகிறார்.

அக்காலத்து ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வரின் தொடர் எண் கைப்பிடியின் அடியில் இருக்கும். அதே எண் உருளையிலும் குழலின் அடிப்பக்கத்திலும் இருக்கும். காரணம், பாகங்களைத் தொழிலாளர்கள் அரம் கொண்டு ஒன்றோடொன்று பொருந்தும்படி செதுக்கினார்கள். ஒன்றின் பாகம் இன்னொன்றுக்கு அப்படியே பொருந்தாது. பாகங்கள் கலந்துவிடாமல் இருக்க ஒரே எண்ணை எல்லாவற்றிலும் பதித்தார்கள். நூறு ஆண்டுக்குப் பிறகு மூன்று இடத்திலும் எண் ஒத்துப்போனால், பாகங்கள் மாறவில்லை என்று பொருள்.

ஆனால், எல்லா எண்களும் ஒரே செய்தியைச் சொல்வதில்லை. கோல்ட் 'போலிஸ் பாசிட்டிவ்' ரிவால்வரின் குழலில் 1884, 1905 என்ற ஆண்டுகள் இருக்கும். "இது 1905இல் செய்த துப்பாக்கி" என்று புதியவர்கள் சொல்லிவிடுவார்கள். அவை காப்புரிமை பெற்ற ஆண்டுகள். அதே முத்திரையோடு பல ஆண்டுகளுக்குப் பிறகும் துப்பாக்கிகள் வெளிவந்தன. செய்த ஆண்டைத் தொடர் எண்ணை வைத்தே கண்டுபிடிக்க வேண்டும். கோல்ட், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் துப்பாக்கிகளின் பழைய பதிவேடுகள் பாதுகாக்கப்பட்டுள்ளன. கட்டணம் செலுத்தி எண்ணை அனுப்பினால், அந்தத் துப்பாக்கி எந்த நாளில் யாருக்கு அனுப்பப்பட்டது என்பதைப் பதிவேட்டில் பார்த்துக் கடிதமாகத் தருவார்கள்.

பொருளின் வடிவமும் வரலாற்றைச் சொல்லும். 1917ஆம் ஆண்டில் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியபோது ராணுவத்திடம் போதுமான தானியங்கிக் கைத்துப்பாக்கிகள் இல்லை. கோல்ட், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் இரண்டையும் ரிவால்வர் செய்யச் சொன்னார்கள். ஒரு சிக்கல் எழுந்தது. ராணுவத்தின் 0.45 தோட்டாவின் அடியில் வெளியே நீட்டிய விளிம்பு கிடையாது. விளிம்பு இல்லாவிட்டால், சுட்ட பிறகு வெற்றுக் கூட்டை வெளியே தள்ள ரிவால்வருக்குப் பிடிப்பு இல்லை. அதற்குக் கிடைத்த விடை, மூன்று தோட்டாக்களை ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும் அரைவட்டத் தகடு. மெல்லிய எஃகுத் தகடு ஒன்று ஒரு பெரும் சிக்கலைத் தீர்த்தது! இரு நிறுவனங்களும் சேர்ந்து சுமார் 3 லட்சம் ரிவால்வர்களைச் செய்தன. '1917' என்ற மாதிரிப் பெயரோடு அவை இன்றும் சேகரிப்பாளர்களிடம் உள்ளன.

நீலமும் ஒருவகைத் துருதான்

இப்போது வேதியியலுக்கு வருவோம். இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் வேண்டும் என்று வகுப்பில் படித்திருப்பீர்கள். கிடைப்பது நீரேறிய இரும்பு ஆக்சைடு. சிவப்பு, பழுப்பு நிறத்தில் பொடிப்பொடியாக இருக்கும். அது இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால் செதில் செதிலாக உரிந்து விழும். உரிந்த இடத்தில் புதிய இரும்பு வெளிப்பட்டு, அதுவும் துருப்பிடிக்கும்.

பழைய ரிவால்வர்களின் அழகான கருநீல நிறம் சாயம் அல்ல. அதுவும் இரும்பு ஆக்சைடுதான்! ஆனால், வேறு வகை. எஃகைக் கட்டுப்பாட்டோடு சூடேற்றியோ வேதிக்கரைசல்களைக் கொண்டோ அதன் மேற்பரப்பில் மாக்னடைட் என்ற கறுப்பு ஆக்சைடை உண்டாக்கினார்கள். அது மிக மெல்லியது, எஃகோடு ஒட்டி நிற்கும், எண்ணெயைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அதனால் சிவப்புத் துரு வருவது தாமதமாகும். நல்ல துருவைக் கொண்டு கெட்ட துருவைத் தடுத்தார்கள் என்று சொல்லலாம்.

நூறு ஆண்டில் அந்த நீலம் சில இடங்களில் தேய்கிறது. எங்கே என்பதுதான் முக்கியம். குழலின் முனையிலும் உருளையின் ஓரத்திலும் மட்டும் தேய்ந்திருந்தால் அது தோல் உறையில் போட்டு எடுக்கப்பட்ட துப்பாக்கி. காவலர் ஒருவரிடம் இருந்திருக்கலாம். எங்கும் தேயாமல் ஒரு பக்கத்தில் மட்டும் துருப்புள்ளிகள் இருந்தால், பல ஆண்டுகள் ஒரு பெட்டியில் அந்தப் பக்கமாகவே கிடந்திருக்கலாம். இதைப் படிக்கத் தெரியாதவர் "பழசாகிவிட்டதே" என்று தேய்த்துப் பளபளப்பாக்கி மீண்டும் நீலம் ஏற்றினால், கூர்மையான ஓரங்கள் மழுங்கும், முத்திரைகள் ஆழம் குறையும், கதை அழியும். சேகரிப்பாளர்களிடம் அதன் மதிப்பும் சரியும். புதுசுபோல் மின்னும் பழசைவிட, நேர்மையாகப் பழசான பழசுக்குத்தான் அவர்கள் அதிக விலை தருகிறார்கள்.

வெறுங்கையால் தொட்டாலே தீங்கு வரும். வியர்வையில் உப்பு உள்ளது. உப்பு கரைந்த நீர் மின்னோட்டத்தை எளிதில் கடத்துவதால் துரு விரைவாகப் பிடிக்கும். ஒரு விரல்ரேகை சில நாள்களில் துருரேகையாகிவிடும். அரும்பொருளகப் பணியாளர்கள் கையுறை அணிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அழித்த எண் திரும்ப வருமா?

எண்ணைப் பார்த்து ஒரு துப்பாக்கியைக் கண்டுபிடிக்க முடியும் என்றால், குற்றவாளிகள் எண்ணை அரத்தால் தேய்த்து அழிக்கத்தானே பார்ப்பார்கள்? இங்கே இயற்பியல் காவல்துறைக்கு உதவுகிறது.

எண்ணை உலோகத்தில் அழுத்திப் பதிக்கும்போது, மேலே தெரியும் பள்ளத்தோடு வேலை முடிவதில்லை. அதற்குக் கீழே உள்ள படிகங்களும் நசுங்கி, வடிவம் மாறுகின்றன. எண் மறையும்வரை தேய்த்தாலும் நசுங்கிய பகுதி அடியில் இருக்கும். தடயவியல் ஆய்வகத்தில் அந்த இடத்தை வழவழப்பாக்கி, தாமிரக் குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த கரைசலைத் தடவுகிறார்கள். நசுங்கிய பகுதியும் நசுங்காத பகுதியும் வெவ்வேறு வேகத்தில் அரிக்கப்படுவதால், மறைந்த எண் மங்கலாகத் தெரிகிறது. அரிப்பு தொடர்ந்தால் அதுவும் போய்விடும். தெரியும் கணத்திலேயே படம் எடுத்துவிட வேண்டும். நசுங்கிய அடுக்கையும் தாண்டித் தேய்த்திருந்தால் எந்த அமிலமும் எண்ணைத் திருப்பித் தராது. நான் பாட்டியின் சொம்பைத் தேய்த்தது அவ்வளவு ஆழமா என்று எனக்கு இப்போதும் தோன்றுவது உண்டு.

சிங்கப்பூரில் சேகரிக்கலாமா?

ஜாலான் புசாருக்கு அருகே, லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், 2017 ஜூலைவரை சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை இருந்தது. பழைய கைக்கடிகாரம், நாணயம், கேமரா, இசைத்தட்டு எல்லாம் அங்கே தரையில் விரித்துக் கிடக்கும். ரிவால்வர் கிடக்காது. கிடக்கவும் கூடாது.

அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுச் சட்டம், 1898ஆம் ஆண்டுவரை செய்யப்பட்ட துப்பாக்கிகளைப் பழம்பொருள் என்று தனியாகப் பிரிக்கிறது. சிங்கப்பூரின் பார்வை வேறு. 1973ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றங்கள் சட்டப்படி, அனுமதியின்றி துப்பாக்கி வைத்திருப்பவருக்கு 5 முதல் 10 ஆண்டுவரை சிறையும் குறைந்தது 6 பிரம்படியும் விதிக்கப்படும். குற்றம் செய்யும்போது அதைச் சுட்டால் மரண தண்டனை. நூறு வயதான ரிவால்வரும் சுட வல்லது என்றால் அது துப்பாக்கிதான். இணையத்தில் பார்த்து 'ஒரு பாகம்தானே' என்று வெளிநாட்டிலிருந்து எதையும் வரவழைக்க நினைக்காதீர்கள்.

இதைவிட முக்கியமான இன்னொன்று. நம் மண்ணில் போர்க்காலப் பொருள்கள் இன்னும் புதைந்து கிடக்கின்றன. 2023 செப்டம்பரில் அப்பர் புக்கிட் தீமாவில் ஒரு கட்டுமானத் தளத்தில் 100 கிலோகிராம் எடையுள்ள இரண்டாம் உலகப் போர் வெடிகுண்டு கிடைத்தது. சுற்றுவட்டாரத்தில் 4,000க்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்ட பிறகே ராணுவம் அதை வெடிக்கச் செய்தது. 80 ஆண்டு ஆனாலும் உள்ளே இருக்கும் வெடிமருந்துக்கு வயதாகிவிட்டது என்று நம்ப முடியாது. துரு அதை மேலும் நிலையற்றதாக்கலாம். காட்டிலோ கடற்கரையிலோ துருப்பிடித்த தோட்டாவோ குண்டோ கண்ணில் பட்டால் எடுக்காதீர்கள், தட்டாதீர்கள், கழுவாதீர்கள். விலகி நின்று 999ஐ அழையுங்கள். அங்கேயும் அதே பாடம்தான்: சாட்சியைத் தொடாதே.

பாட்டியின் சிங்கர்

அப்படியானால் இந்தக் கலையை நீங்கள் எதில் பழகுவது? உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ ஒரு பழைய சிங்கர் தையல் இயந்திரம் இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் அமெரிக்க நிறுவனத்தின் இரும்புதான். அதன் அடிப்பலகைக்கு அருகே ஒரு தொடர் எண் இருக்கும். அந்த எண்ணை வைத்து, எந்த ஆண்டில், எந்தத் தொழிற்சாலையில் செய்தார்கள் என்று கண்டுபிடிக்கலாம். அமெரிக்காவின் எலிசபெத்போர்ட்டாக இருக்கலாம். ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க்காகவும் இருக்கலாம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இரண்டாம் உலகப் போர் நேரத்தில் அமெரிக்க ராணுவம் சிங்கர் நிறுவனத்திடம் 0.45 கைத்துப்பாக்கிகள் செய்யச் சொல்லிச் சோதித்தது. 1941ஆம் ஆண்டில் அவர்கள் செய்தது 500 மட்டுமே. பிறகு நிறுவனம் வேறு துல்லியக் கருவிகள் செய்யும் பணிக்கு மாறியது. இன்று அமெரிக்கக் கைத்துப்பாக்கிச் சேகரிப்பாளர்கள் மிக அதிகம் தேடுவதில் ஒன்று, தையல் இயந்திர நிறுவனத்தின் பெயர் பொறித்த அந்தத் துப்பாக்கி! எஸ் என்ற எழுத்தோடு 800001 முதல் 800500வரை அவற்றின் எண்கள்.

விடுமுறையில் இதைச் செய்து பாருங்கள். வீட்டில் உள்ள பழைய உலோகப் பொருள் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். சொம்பு, கடிகாரம், தையல் இயந்திரம், எடைக்கல், எதுவும் ஆகலாம். துடைப்பதற்கு முன்பே படம் எடுங்கள். கைவிளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் மங்கிய எழுத்துகளின் நிழல் விழுந்து தெளிவாகத் தெரியும். எண், முத்திரை, பெயர் எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். எந்த இடம் தேய்ந்திருக்கிறது, எந்தக் கை அங்கே பட்டிருக்கும் என்று யோசியுங்கள். பிறகு வீட்டுப் பெரியவரிடம் கேட்டு, நீங்கள் ஊகித்தது சரியா என்று ஒப்பிடுங்கள். நம் ஊரில் ஆண்டின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கும் மேல். அதனால் பொருளை உலர்ந்த துணியால் மெல்லத் துடைத்து, இரும்பாக இருந்தால் துளி எண்ணெய் தடவி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

எங்கள் வீட்டுச் சொம்பு இப்போது என் அலமாரியில் இருக்கிறது. மீண்டும் கறுத்துவிட்டது. நான் துலக்குவதில்லை. பாட்டி சொன்ன பெயரையும் ஆண்டையும் ஒரு தாளில் எழுதி உள்ளே போட்டு வைத்திருக்கிறேன்.